‘ஊர்ல எந்தப் பக்கம்?’ – முத்திரையும் மனநலமும்: வாசகர் கேள்வி பதில்

சாதி, நிறம், வயது, மொழி, படித்த பள்ளி என்று ஏதோ ஒன்றைப் பார்த்ததுமே ‘இவர் இப்படித்தான்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி முடிவு கட்டப்பட்டவரின் உடம்பிலும் மனத்திலும் என்ன நடக்கிறது? இதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. ‘செவன் பாயிண்ட் ஃபைவ் பசங்க’ என்று எங்களைத் தனியாகப் பிரித்துச் சொல்வார்கள். பதில் தெரிந்தாலும் வகுப்பில் வாய் திறப்பதில்லை. விடுதி அறையில் கடகடவென்று சொல்கிற பதில், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் சுத்தமாக மறந்துபோகிறது. எனக்குத் திறமை இல்லையா? – மாணவர், கோவை

அறையில் வருகிற பதில் வைவாவில் வரவில்லை என்றால், பதில் உங்களிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் பற்றாமல் போவது கவனம். ஒரு கேள்விக்கு விடை சொல்லும்போது சூத்திரம், அலகு, அடுத்த படி ஆகியவற்றைச் சில நொடிகள் மனத்தில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். உளவியலில் இதைச் செயல்நினைவு என்கிறார்கள். அதன் கொள்ளளவு மிகச் சிறியது. ‘இங்கிலீஷ் தப்பாகிவிட்டதோ, பின்னால் சிரிக்கிறார்களோ, 7.5 என்றாலே இப்படித்தான் என்று சார் நினைப்பாரோ’ என்ற கண்காணிப்பும் அதே சின்ன இடத்தில்தான் ஓடுகிறது. பந்தியில் பரிமாறிக்கொண்டே, யார் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுப்பவர் கையில் சாம்பார் வாளி ஆடத்தான் செய்யும்.

அமெரிக்காவில் கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பேசியது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் கடினமான மொழித்தேர்வு ஒன்றைக் கொடுத்து, ஒரு பிரிவினரிடம் ‘இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் தேர்வு’ என்றார்கள். அந்தப் பிரிவில் கறுப்பின மாணவர்கள், அதே தகுதியுள்ள வெள்ளையின மாணவர்களைவிடப் பின்தங்கினார்கள். ‘இது திறனை அளப்பதற்கானதன்று, வெறும் பயிற்சி’ என்று சொல்லப்பட்ட பிரிவில் அந்த இடைவெளி சுருங்கியது. (இந்த ஆய்வைப் பற்றிய சந்தேகங்கள் கீழே இன்னொரு கேள்வியில் வருகின்றன.)

கவனத்துக்குத்தான் தட்டுப்பாடு என்றால், கவனம் அதிகம் கேட்காத அளவுக்குச் சில வேலைகளைப் பழக்கிவிட வேண்டும். ஆய்வகத்தில் ஒரு பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சோதனைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கேள்விகள் மாறாமல் வரும்: நோக்கம் என்ன, தத்துவம் என்ன, சூத்திரமும் அலகும், பிழை எங்கே வரும், முன்னெச்சரிக்கை என்ன. இவற்றின் பதிலில் முதல் வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கண்ணால் படிப்பது இதற்கு உதவாது. நாக்கு ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் முதல் வாக்கியத்தில்தான். அது தானாக வந்துவிட்டால் இரண்டாவதற்கு மூச்சு கிடைத்துவிடும். அறை நண்பர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, வரிசையை மாற்றி மாற்றிக் கேட்கட்டும். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. பார்வையாளர் முன்னால் வரும் பதற்றத்துக்குப் பார்வையாளர் முன்னால்தான் பயிற்சி எடுக்க முடியும்.

கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் மற்றதைத் தமிழிலும் சொல்லலாமா என்று ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். வைவா தொடங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். திணறலுக்கு நடுவில் கேட்டால் அது சாக்கு போலக் காதில் விழும்.

அடுத்தது, தனியாகப் படிக்காதீர்கள். 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒன்றைக் கவனித்தார். நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்த கறுப்பின மாணவர்கள் உழைக்காதவர்கள் இல்லை. ஆனால் பெரும்பாலும் தனித்தனியே உட்கார்ந்து படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்கள் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டுக் கூடிப் பேசி ஒப்பிட்டுக்கொண்டார்கள். தனியாகப் படிப்பவருக்குக் கணக்கு வராவிட்டால் ‘நம்மால் முடியவில்லை’ என்று தோன்றும். குழுவில் படிப்பவருக்கு ‘இந்தக் கணக்கு எல்லாருக்குமே கஷ்டம்தான்’ என்பது தெரிந்துவிடும். நான்கைந்து பேர், வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் போதும். முதல் முக்கால் மணி நேரம் ஆளுக்கு ஆள் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுங்கள். குழுவில் 7.5 மாணவர்கள் மட்டும் இருக்க வேண்டாம், கலந்து சேருங்கள். ‘சிபிஎஸ்இ பையன்’ முழிப்பதைக் கண்ணால் பார்ப்பது உங்களுக்கு நல்ல மருந்து.

இதில் பலரும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒன்று, ‘இவங்களுக்குக் காட்டறேன் பார்’ என்று சபதம் போடுவது. அது கண்காணிப்பைக் கூட்டும், ஒவ்வொரு கேள்வியும் ஒரு தீர்ப்பாகிவிடும். மற்றது இன்னும் நைசானது. தேர்வுக்கு முந்தைய நாள் வேண்டுமென்றே படிக்காமல் ஊர் சுற்றிவிட்டு, ‘படிக்கல, அதான் போச்சு’ என்று சொல்ல ஒரு வழி வைத்துக்கொள்வது. மானம் தப்பும், மார்க் போகும்.

உங்கள் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளிலும் இந்த ஒதுக்கீடு வந்தது. அந்த மாணவர்களுக்குள் தரவரிசைப்படிப் போட்டி போட்டுத்தான் நீங்கள் உள்ளே வந்திருக்கிறீர்கள். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை. புதிதாக யார் வந்தாலும் ‘சொந்த ஊர் எது?’, ‘ஊர்ல எந்தப் பக்கம்?’, ‘உங்க குலதெய்வம் எது?’ என்று நூல் விடுவார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். நழுவி நழுவிப் பதில் சொல்கிறேன். இதுவரை யாரும் என்னை நேரடியாக அவமதித்ததில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்தால் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே படபடப்பு தொடங்கிவிடுகிறது. எதுவுமே நடக்காதபோது இப்படி ஆவது என் பலவீனமா? – வாசகர், சென்னை

எதுவும் நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. நாள் முழுக்க நீங்கள் காவல் நிற்கிறீர்கள், அது வேலைதான். அவமதிப்பு வருடத்துக்கு ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். அது வருமா என்று பார்த்திருப்பது ஒவ்வொரு டீ இடைவேளையிலும் நடக்கிறது. முதுகில் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று பார்க்கும் கை, ‘நீங்க நான்வெஜ்ஜா?’ என்ற கேள்வி, கல்லூரிக் காலத்துக் கட்-ஆஃப் பற்றிய பேச்சு, சேமித்து வைத்த அப்பாவின் பெயர் திரையில் தெரிகிறபோது எட்டிப்பார்க்கும் கண் என்று எல்லாவற்றுக்கும் முன்னாலேயே தயாராக இருக்க வேண்டியிருக்கிறது. உடம்புக்கு நிஜமான ஆபத்துக்கும் எதிர்பார்க்கும் ஆபத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கும். எப்போதாவது என்றால் தணிந்துவிடும். தினமும் என்றால் முதலில் தூக்கம் கெடும், பிறகு வயிறு, பிறகு எரிச்சல். பாகுபாட்டை உணர்பவர்களின் உடல்நலம், மனநலம் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2009இல் வெளியான பகுப்பாய்வு, இரண்டுமே பாதிக்கப்படுவதைக் காட்டியது.

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புச் சிறுவர்களைப் புதிர்ப்பாதைகளை விடுவிக்கச் சொன்னார்கள். சாதி அறிவிக்கப்படாதபோது தலித் சிறுவர்களும் மற்ற சிறுவர்களும் ஏறக்குறைய சமமாகவே செய்தார்கள். பெயரோடு சாதியையும் சேர்த்து எல்லார் முன்னாலும் வாசித்த பிறகு, தலித் சிறுவர்கள் விடுவித்த புதிர்ப்பாதைகளின் எண்ணிக்கை சுமார் 20 சதவீதம் இறங்கியது. யாரும் அவர்களைத் திட்டவில்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கடமும் உங்களுக்கு இருக்கும், நீங்கள் எழுதவில்லை. மேலாளர் குறை சொன்னால் ‘வேலை சரியில்லையா, விஷயம் தெரிந்துவிட்டதா?’ என்ற குழப்பம் வரும். பாராட்டினாலும் அதே குழப்பம்தான். இப்படி எந்தச் சொல்லையும் நம்பி எடுத்துக்கொள்ள முடியாமல் போவது, நேரடியான வசவைவிட அதிகம் அரிக்கும்.

என்ன செய்யலாம்? முதலில் இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் நான்கே விஷயம் எழுதுங்கள்: சொல்லப்பட்ட வார்த்தை அப்படியே, யார் எங்கே எப்போது, அப்போது உடம்பில் என்ன நடந்தது, அன்றிரவு எத்தனை மணி நேரத் தூக்கம். ‘அவர் கேவலமாகப் பார்த்தார்’ போன்ற முடிவுகளை எழுத வேண்டாம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கேள்விகள் பரவலாக வரவில்லை, இரண்டு மூன்று பேரிடமிருந்துதான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது பல நேரம் தெரியவரும். முப்பது பேரிடம் காவல் நிற்பதற்கும் மூன்று பேரிடம் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் உடம்பில் தெரியும். பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் இதுவே ஆதாரமும்.

அடுத்து, பதிலை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தந்த நேரத்தில் யோசிப்பதுதான் களைப்பைத் தருகிறது. ‘விழுப்புரம் பக்கம். அந்த ரிப்போர்ட் எப்ப சார் வரும்?’ என்று ஊரைச் சொல்லி வேலைக்குத் திருப்பலாம். மறுபடியும் நோண்டினால், ‘எதுக்குக் கேக்கறீங்க?’ என்று சாதாரணக் குரலில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். சிரித்து மழுப்பாதீர்கள், அந்த அமைதியை நிரப்பும் பொறுப்பு அவருடையது. ஆனால் இல்லாத குலதெய்வத்தையும் இல்லாத தெருவையும் இட்டுக்கட்டாதீர்கள். மறுப்பதை மறந்துவிடலாம். பொய்யை வருடக்கணக்கில் நினைவில் வைத்திருக்க வேண்டும், கல்யாணப் பத்திரிகை கொடுக்கிற நாளில் அது மாட்டிக்கொள்ளும்.

அலுவலகத்தில் ஒரே ஒருவரிடமாவது மறைக்காமல் பேச முடிந்தால் பாரம் நிறையக் குறையும். யாரிடம் என்பது உங்கள் முடிவு. எல்லாரிடமும் துணிந்து சொல்லிவிட வேண்டும் என்று எங்கிருந்தோ வரும் உபதேசத்தைக் கேட்க வேண்டியதில்லை, விளைவை அனுபவிக்கப் போவது நீங்கள். நம்பகமானவரோடு பேசும்போதும் மணிக்கணக்கில் அதையே கிளறிக்கொண்டிருந்தால் படபடப்பு கூடத்தான் செய்யும். கால் மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போங்கள்.

படபடப்பு, தூக்கமின்மை, வேலையில் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்வது வெளியே போகாமல் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவர்கள்மீது வைத்திருக்கிறது. ‘இப்பல்லாம் யாருங்க சாதி பாக்கறா’ என்று அவரே தொடங்கினால், கட்டணம் போனால் போகட்டும், ஆளை மாற்றுங்கள்.

பலர் முன்னிலையில் சாதியைச் சொல்லி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான பாதுகாப்பு அது. குலதெய்வம் கேட்பது அந்த வரம்புக்குள் வராது. அதற்கு மனிதவளத் துறைக்குத் தேதி, வார்த்தைகளோடு மின்னஞ்சல் அனுப்புவதுதான் வழி. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

கேள்வி: இந்த ‘முத்திரை அச்சத்தால் மார்க் குறைகிறது’ என்ற ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது முடிவு வரவில்லை என்று படித்தேன். அப்படியானால் எல்லாம் கட்டுக்கதைதானா? – பேராசிரியர், திருச்சி

பாதி சரி. பள்ளி மாணவிகளிடம் ‘பெண்களுக்குக் கணக்கு வராது’ என்ற முத்திரையை நினைவூட்டினால் மதிப்பெண் குறைகிறதா என்று, ஆய்வு முறையை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டு நெதர்லாந்தில் நடத்திய பெரிய ஆய்வு 2018இல் வெளியானது. மாணவர்களும் மாணவிகளுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். விளைவு எதுவும் தென்படவில்லை. முந்தைய ஆய்வுகளில் பல சிறியவை. விளைவு தெரிந்தவை அச்சேறின, தெரியாதவை மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டன. ஆகவே ஒரு வாக்கியம் காதில் விழுந்தாலே மார்க் சரியும் என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். பத்து நிமிடப் பயிற்சியில் இதைச் சரிசெய்வதாகப் பட்டறை நடத்துகிறவர்களையும்தான்.

ஆய்வகத்தில் ஒரு முறை நினைவூட்டுவது வேறு, வருடக்கணக்கில் அதற்குள்ளேயே வாழ்வது வேறு. பின்னதற்கும் மனச்சோர்வு, பதற்றம், தூக்கக் கேடு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில், பல குழுக்களில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. அவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள்தான், காரணத்தை முழுதாக நிறுவியவை என்று சொல்ல முடியாது.

கேள்வி: வயது 67. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஒரு பெயர் மறந்தால் ‘வயசாயிடுச்சு’ என்கிறார்கள். போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடு என்றால் ‘உங்களுக்கு எதுக்கு தாத்தா அதெல்லாம்’ என்று பேரன் பிடுங்கிச் செய்துவிடுகிறான். இப்போது எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது. – வாசகர், கும்பகோணம்

ஐயா, கடைசி வாக்கியம்தான் கவலைக்குரியது. வயதைப் பற்றிய முத்திரையை நாமே இளமையில் மற்றவர்மேல் குத்தியிருப்போம். அறுபது தாண்டியதும் அது நம்மீதே திரும்பும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில் 50 வயது தாண்டிய 660 பேரின் தகவல்களை பெக்கா லெவி குழுவினர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். தங்கள் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். எண்ணம் மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வழி புரிகிறது. ‘இந்த வயசுல இனிமே என்ன’ என்பவர் நடைப்பயிற்சியை விடுவார், மாத்திரையைத் தள்ளிப்போடுவார், மூட்டுவலிக்கு மருத்துவரிடமே போக மாட்டார்.

மறதியை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பெயர் நாக்கு நுனியில் நின்றுவிட்டுச் சற்று நேரம் கழித்து வருவது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாம் வயதோடு வருபவை. பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே அரை மணியில் மறுபடி கேட்பது, மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொள்வது, பல வருடம் பார்த்த வரவுசெலவில் குழம்புவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பரிசோதனை வேண்டும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு, சர்க்கரை தாழ்வது, தூக்க மாத்திரை, காது மந்தம், மனச்சோர்வு ஆகியவையும் மறதி போலத் தோன்றும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ‘வயசாயிடுச்சு’ என்ற சொல்லால் நேரும் மிகப் பெரிய கெடுதலே இந்தப் பரிசோதனை நடக்காமல் போவதுதான். மருத்துவரிடம் போகும்போது அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், மகனை உட்கார வைக்காதீர்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் உங்கள் உடம்பைப் பற்றி அவர்கள் இருவரும் பேசுவார்கள், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

போன் விஷயத்துக்குப் பேரனோடு ஒரே ஒரு நிபந்தனை: சொல்லலாம், தொடக்கூடாது. முதலில் எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். பணம் அனுப்பும் படிகளை அவன் சொல்லச் சொல்ல உங்கள் கையெழுத்தில், ஒரு படிக்கு ஒரு வரியாக நோட்டில் எழுதுங்கள். அந்த வாரம் முழுக்கத் தினமும் ஒரு ரூபாய் மருமகளுக்கு அனுப்புங்கள். அனுப்புவது கைவந்த பிறகு கியூஆர் ஸ்கேன், அதன் பிறகு மின்கட்டணம். மூன்றையும் ஒரே நாளில் கற்றால் மூன்றும் குழம்பும், ‘வயசாயிடுச்சு’க்கு இன்னொரு சாட்சி சேரும். ஒன்றை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள்: பணம் வாங்குவதற்கு ‘பின்’ (PIN) என்ற ரகசிய எண் தேவையே இல்லை. பணம் வரப்போகிறது, பின் எண்ணைப் போடுங்கள் என்று யார் சொன்னாலும் அது திருட்டு.

கேள்வி: நல்ல விதமாக முத்திரை குத்துவதில் என்ன தவறு? ‘டாக்டர் வீட்டுப் பிள்ளை, நல்லாப் படிப்பான்’ என்பது ஊக்கம்தானே? – வாசகி, ஈரோடு

படிப்பு ஓடுகிறவரை ஊக்கம். முதல் முறை 62 மார்க் வந்ததும் அதுவே மறைக்க வேண்டிய விஷயமாகிவிடும். ஆசிய வம்சாவளிப் பெண்களிடம் ‘உங்கள் இனத்தவர் கணக்கில் கெட்டி’ என்ற பொது எதிர்பார்ப்பை முன்னிறுத்தியபோது கவனம் சிதறிக் கணக்கில் சறுக்கியதை அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. பையனிடம் குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் அவன் செய்ததைப் பற்றிச் சொல்லுங்கள்: ‘நாலாவது கணக்கை விடாம மூணு வழியில போட்டுப் பாத்தியே.’

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. மாநிறத்துக்கும் கொஞ்சம் கூடுதல். விசேஷ வீடுகளில் ‘அம்மா கலர் வரலியே’ என்று அவள் முன்னாலேயே சொல்கிறார்கள். இப்போது போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்கிறாள், முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். – தாய், மதுரை

பிள்ளைகளுக்கு இது மிகச் சீக்கிரம் புரியும். அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் 1940களில் மூன்று வயது முதல் ஏழு வயது வரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்பு, வெள்ளைப் பொம்மைகளைக் காட்டி எது நல்லது, எது கெட்டது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கென்னத் கிளார்க்கின் அறிக்கை ஒன்றையும் அடிக்குறிப்பில் குறிப்பிட்டது.

சொன்னவரிடம் அந்த இடத்திலேயே, மகள் காதில் விழும்படி மறுக்க வேண்டும். பின்னால் தனியாகச் சொன்னால் அவளுக்குத் தெரியாது, அம்மாவும் ஒத்துக்கொண்டாள் என்றே நினைப்பாள். ‘பெரியம்மா, பாப்பா கலரைப் பத்தி எங்க வீட்டுல பேசறதில்ல. அவ ஸ்கேட்டிங் போறா, அதக் கேளுங்க’ என்று மரியாதையாக, ஒரே மூச்சில். சண்டையாக்க வேண்டாம். சண்டை நடந்தால் தன் நிறத்தால்தான் வந்தது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

‘கறுப்புதான் அழகு’ என்று ஓயாமல் தேற்றுவதும் பேச்சைத் தோலிலேயே நிறுத்திவைக்கிறது. வீட்டில் கடலைமாவு, ‘வெயில்ல போகாத கறுத்துடுவ’ இரண்டையும் நிறுத்துங்கள். முக்கியமாக, மருந்துக் கடையில் சும்மா வாங்கும் வெளுப்பு கிரீம்களை அவள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவற்றில் சில ஸ்டீராய்டு கலந்தவை. முதலில் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பரு கிளம்பும், நிறுத்தினால் எரியும். தேய்ப்பது நிற்காவிட்டால், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால், குழந்தை உளவியலாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: மனைவி இறந்து எட்டு மாதம். அழுதால் ‘ஆம்பளை நீயே இப்படி உடைஞ்சா எப்படி’ என்கிறார்கள். அழுவதை நிறுத்திவிட்டேன். குடி கூடிவிட்டது. – வாசகர், நாகர்கோவில்

அழுகை நின்றதும் குடி கூடியதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை இல்லை. ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் சோகமாகத் தெரியாது. எரிச்சலாக, குடியாக, முதுகுவலியாக, தூக்கமின்மையாகத் தெரியும். அதனால் பக்கத்தில் இருப்பவர்களும் கவனிக்க மாட்டார்கள். இந்தியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் ஏறத்தாழ 10இல் 7 பேர் ஆண்கள். இந்த வாரமே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். என்ன சொல்வது என்று தடுமாறினால் இந்தக் கடிதத்தின் நான்கு வாக்கியங்களையே வாசித்துவிடுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அன்றிரவு தனியாகப் படுக்காதீர்கள். குடியை மட்டும் திடீரென்று நீங்களாக நிறுத்த வேண்டாம். தினமும் குடிப்பவருக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம், மருத்துவர் மேற்பார்வையில் குறையுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். நம் ஆட்கள் ‘டேய் வடக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘கேலிதானே அக்கா, அவனுக்கு ஒண்ணும் புரியாது’ என்கிறார்கள். போன மாதம் நல்ல ஓவர்லாக் டெய்லர் ஒருவர் சொல்லாமல் போய்விட்டார். – வாசகி, திருப்பூர்

‘வடக்கன்’ என்ற சொல் புரிய மொழி தேவையில்லை, குரல் போதும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, அதை நம்பிப் பலர் ரயில் ஏறினார்கள். தினமும் கேட்கிற சொல் அந்தப் பொய்யை நம்பக்கூடியதாக ஆக்கியிருந்தது என்பது எங்கள் கருத்து. மும்பைக்குப் பிழைக்கப் போன நம்மவர்களை ‘மதராசி’, ‘லுங்கிவாலா’ என்று ஒரே கட்டாகக் கட்டி, 1960களின் கடைசியில் அவர்களுக்கு எதிராகக் கட்சியே நடந்தது. அந்தத் தலைமுறைத் தாத்தாக்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேர உபதேசக் கூட்டம் போடாதீர்கள், மறுநாளே மறந்துபோகும், கேலி கூடவும் செய்யும். பெயரிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொருவரிடமும் ‘உங்களை எப்படிக் கூப்பிடணும்?’ என்று கேட்டு, அந்த உச்சரிப்பைத் தமிழில் எழுதி மெஷினில் ஒட்டுங்கள், தமிழ் ஆட்களின் மெஷின்களிலும்தான். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தால் லைன் பின்னால் வரும், சூப்பர்வைசர் வாயைப் பார்த்துத்தான் லைன் பேசுகிறது. ‘வடக்கா’ என்று காதில் விழும்போது திட்ட வேண்டாம், ‘யாரு, சந்தோஷையா?’ என்று பெயரைப் போட்டுத் திருப்பிக் கேளுங்கள்.

உட்காரும் இடத்தைக் கலையுங்கள். ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் இவர்கள் என்று இருக்கிறவரை எதுவும் மாறாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. சமமான நிலை, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்தால்தான் முடியும் என்கிற வேலை, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் பழக்கம் பகையைக் குறைக்கும் என்று 1954இலேயே அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் எழுதிவைத்தார். டெய்லர் எல்லாம் நம்மவர், கைமடி என்கிற உதவியாட்கள் எல்லாம் அவர்கள் என்று வைத்துக்கொண்டு கலந்து உட்கார வைத்தால், முத்திரை இன்னும் அழுத்தமாகத்தான் பதியும்.

‘அவனுங்க தச்சா ஆல்ட்டர்தான் வரும்’ (திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்தான் வரும்) என்ற பேச்சு கட்டாயம் இருக்கும். அதற்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஆல்ட்டர் பீஸ்களை மெஷின் எண், ஆபரேஷன், நேரம், கோளாறு என்று நான்கு கட்டத்தில் எழுதச் செக்கிங் ஆளிடம் சொல்லுங்கள். தையல் விடுகிறதா, ஊசி மழுங்கியதா, நூல் டென்ஷனா, ஃபோல்டர் தேய்ந்ததா, நைட் ஷிஃப்ட்டின் கடைசி இரண்டு மணி நேரமா என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு குறிப்பிட்ட ஆளிடம்தான் கோளாறு என்றால் அவருக்கு மறுபடி கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுத்தபோது எந்த மொழியில் சொன்னார்கள், செய்து காட்டினார்களா என்பதையும் அப்படியே விசாரியுங்கள்.